இரும்புக்குத் தீர்வை போட்டால் ஆர் கட்டுறது?

எங்கட ஆக்கள் கனபேருக்கு ட்றம்ப் மேல் ஒரு இரகசியக் காதல் இருக்கிறது. வெளியில் சொல்ல மாட்டார்கள். கலியாண வீட்டில் இரண்டாவது பந்தி முடிந்து வெத்திலை போடுகிற நேரம் பார்த்து மெதுவாக வெளியில் வரும். "அவன் தன்ர நாட்டைப் பாக்கிறான். வெளியில இருந்து வாற சாமானுக்கு வரி போடுறான். அதில என்ன பிழை? உவங்களும் உப்பிடிச் செய்யவேணும்." உவங்கள் என்றால் இங்கே லண்டனில் ஆட்சி செய்கிறவர்கள்.

அதே பந்தியில் இன்னொரு கூட்டமும் இருக்கும். "சீனாக்காரன் மலிவாத் தாறான், வாங்கிக்கொண்டு போவம். வேல்ஸில இருக்கிறவனுக்கு வேலை போனால் எங்களுக்கென்ன?" என்று கேட்கிறவர்கள். இவர்களும் அகதியாக வந்தவர்கள்தான்.

இந்த இரண்டு கதையையும் கேட்கக் கேட்க எனக்குப் பத்தி எரிகிறது. நான் பொருளியல் அறிஞன் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வணிகம் இரண்டு வருசம் படித்து, மிச்சத்தைப் படிக்க நாடு விடவில்லை. வந்த நாளில் இருந்து குசினிதான். கோப்பை கழுவி, வெங்காயம் வெட்டி, இப்போது அடுப்படியில் நிற்கிறேன். ஆனால் ஒரு மேசையில் எட்டுப்பேர் சாப்பிட்டால் கடைசியில் பில்லை ஆர் கட்டுகிறான் என்று பார்ப்பது எங்கள் தொழில். அந்தக் கண்ணோடுதான் இந்த இரும்புத் தீர்வைக் கதையையும் பார்க்கிறேன்.

முதலில் ஒரு அடிப்படை விசயம். படித்த ஆக்களே பிழையாகச் சொல்கிறார்கள். தீர்வையைச் சீனாக்காரன் கட்டுவதில்லை. கப்பல் இமிங்ஹாமிலோ பீலிக்ஸ்ரோவிலோ வந்து நிற்கும்போது, சாமானை இறக்குமதி செய்கிறவன் இங்கே இருக்கிற சுங்கத்துக்குக் கட்டுகிறான். சில நேரம் விற்கிறவன் விலையைக் கொஞ்சம் குறைத்துத் தன் பங்கைச் சுமக்கிறான், இல்லையென்று சொல்லவில்லை. பெரும்பங்கு வாங்குகிறவன் தலையில்தான் விழும். அதோடு முடிவதுமில்லை. வெளிச்சாமான் விலை ஏறினால் உள்ளூரில் செய்கிறவனும் தன் விலையை ஏற்றுவான். ஏன் ஏற்றாமல் விடப் போகிறான்? அதற்காகத்தானே தீர்வையே கேட்டவன்.

2018ல் அமெரிக்காவில் உடுப்புத் தோய்க்கிற மெசினுக்கு இறக்குமதித் தீர்வை போட்டார்கள். மெசின் விலை கிட்டத்தட்ட 12 சதவீதம் ஏறியது. பகிடி என்னவென்றால் உடுப்புக் காயவிடுகிற மெசினுக்குத் தீர்வையே இல்லை, ஆனால் அதன் விலையும் ஏறியது. கடையில் இரண்டையும் சோடியாகத்தான் சனம் வாங்கும், ஆகவே வியாபாரிகள் ஏற்றத்தை இரண்டிலும் பிரித்துப் போட்டுவிட்டார்கள். கணக்குப் பார்த்த பொருளியலாளர்கள், புதிதாக வந்த ஒவ்வொரு வேலைக்கும் வாங்கின சனம் வருசத்துக்கு 8 லட்சம் டொலருக்கு மேல் கூடுதலாகக் கட்டியதாகக் கண்டார்கள். அந்த வேலைக்குப் போனவனுக்கு அதில் பத்தில் ஒரு பங்கு கூடச் சம்பளமாகக் கிடைத்திருக்காது.

இரும்புக்கும் இதே கதைதான், இன்னும் பெரிதாக. ஏனென்றால் தோய்க்கிற மெசினை வாங்கினால் வீட்டில் வைப்பது, அவ்வளவுதான். உருக்கை ஒருவரும் வீட்டில் வைக்க வாங்குவதில்லை. இன்னொன்று செய்யத்தான் வாங்குகிறார்கள்.

எங்கள் குசினியையே பாருங்கள். வெட்டுகிற மேசை, கழுவுகிற தொட்டி, தோசைக் கல்லு, புகை இழுக்கிற கூடாரம், குளிர் அறையின் தட்டுகள், எல்லாம் உருக்கு. தக்காளி ரின், தேங்காய்ப்பால் ரின், நெய் ரின், எல்லாம் வெள்ளீயம் பூசிய உருக்குத் தகடு. அந்தத் தகட்டை இந்த நாட்டில் லனெல்லிக்குப் பக்கத்தில் ட்ரொஸ்ரே என்ற இடத்தில் ராட்டா கொம்பனி செய்கிறது. போன வருசம் எங்கள் முதலாளி புகைக் கூடாரத்தை மாற்ற வேண்டி வந்தது. அல்பேர்ட்டன் பக்கம் பட்டறை வைத்திருக்கிற வடமராட்சி அண்ணை ஒருவர்தான் செய்து தந்தார். அவரிடம் வேலை செய்கிறவர்கள் ஆறு பேர். அவர் உருக்கு உருக்குகிறவர் இல்லை, உருக்கை வெட்டி மடித்து ஒட்டுகிறவர். இப்படி வெட்டி ஒட்டுகிறவர்கள் எந்த நாட்டிலும் உருக்குகிறவர்களைவிடப் பல மடங்கு. உலையில் நிற்கிறவனைத் தொலைக்காட்சி காட்டும், பின்னால் நெருப்பு எரியும், படம் நன்றாக இருக்கும். அல்பேர்ட்டன் அண்ணையை எந்த மந்திரியும் தலைக்கவசம் போட்டுக்கொண்டு பார்க்க வரமாட்டான்.

தீர்வை உருக்குத் தகட்டுக்கு மட்டும் என்றால் அவருக்கு நடப்பது இதுதான். அவருடைய தகடு விலை ஏறும். ஆனால் வெளியில் செய்து முடித்து வருகிற புகைக் கூடாரத்துக்கு அந்தத் தீர்வை இல்லை. ஆகவே எங்கள் முதலாளி அடுத்த முறை செய்து வந்ததையே வாங்குவார். இது என் கற்பனை இல்லை. அமெரிக்காவில் மிசூரி மாநிலத்தில் பொப்ளர் பிளவ் என்ற ஊரில் ஒரு ஆணித் தொழிற்சாலை. ஆணி செய்கிற கம்பிக்கு 2018ல் 25 சதவீதத் தீர்வை வந்தது. வெளியில் இருந்து வருகிற ஆணிக்கு இல்லை. சில கிழமைக்குள்ளேயே வாங்குகிறவர்கள் மற்றப் பக்கம் போய்விட்டார்கள், ஆட்களை நிறுத்தினார்கள். பிறகு 2020ல் ஆணிக்கும் தீர்வை போட்டார்கள். 2025 ஓகஸ்டில் இன்னும் நானூறுக்கு மேற்பட்ட பொருள் வகைகளைச் சேர்த்தார்கள். ஒரு தீர்வை போட்டால் அது குட்டி போடும் என்பதற்கு இதைவிட என்ன வேணும்.

இது முதல் தரமும் இல்லை. 2002 மார்ச்சில் புஷ் உருக்குக்கு 8 முதல் 30 சதவீதம் வரை தீர்வை போட்டார். உலக வர்த்தக அமைப்பு பிழை என்றது, ஐரோப்பிய ஒன்றியம் பதிலுக்குப் புளோரிடாத் தோடம்பழத்துக்கு வரி போடப் போகிறேன் என்றது, 2003 டிசம்பரில் பேசாமல் எடுத்துவிட்டார். 2002ல் உருக்கு விலை ஏறியதால் 2 லட்சம் வேலைகள் போயின என்று ஒரு கணக்கு வந்தது. மொத்த அமெரிக்க உருக்குத் தொழிலிலும் அப்போது இருந்ததே 2 லட்சத்துக்குக் குறைய. அந்தக் கணக்கைச் செய்வித்தது உருக்கு வாங்குகிறவர்களின் சங்கம், ஆகவே பாதியாகக் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள். பாதி என்றாலும் ஒரு லட்சம்.

சரி, இங்கே வருவோம். பிரித்தானியாவில் தீர்வை இல்லாததால்தான் தொழில் செத்தது என்று கதைக்கிறவர்களுக்கு ஒரு தகவல். பாதுகாப்பு நடவடிக்கை என்ற பெயரில் 2018ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்த காலத்திலேயே போட்டார்கள். குறிப்பிட்ட அளவு வரை தீர்வை இல்லை, அதற்கு மேல் 25 சதவீதம். பிரெக்சிற்றுக்குப் பிறகும் இந்த நாடு அதைக் கைவிடவில்லை. 2021லும் 2024லும் நீட்டினார்கள், 2026 ஜூன் முடியும் வரை. மொத்தம் எட்டு வருசம், உலக வர்த்தக அமைப்பின் விதிப்படி அதற்கு மேல் நீட்ட முடியாது. அந்த எட்டு வருசத்துக்குள் என்ன நடந்தது? 2024 செப்டம்பர் 30ந் திகதி போர்ட் டல்பட்டில் கடைசி ஊதுலை அணைந்தது. நாடு முழுக்க ராட்டாவில் மட்டும் போன வேலைகள் கிட்டத்தட்ட 2,800. 1970ல் 28 மில்லியன் தொன் உருக்கு செய்த நாடு 2024ல் செய்தது 4 மில்லியன் தொன் அளவில்.

தீர்வை இருந்தும் உலை அணைந்தது ஏன்? இங்கே தொழிற்சாலைக்கு வருகிற மின்சாரம் பிரான்ஸ், ஜேர்மனியைவிட விலை. உலைகள் பழசு. உலகத்தில் தேவையைவிட 600 மில்லியன் தொன் உருக்குக் கூடுதலாகச் செய்யக்கூடிய ஆலைகள் நிற்கின்றன. சீனா மட்டும் 2024ல் ஆயிரம் மில்லியன் தொன்னுக்கு மேல் செய்தது, அதில் நூறு மில்லியனுக்கு மேல் வெளியே அனுப்பியது. இந்த மலைக்கு முன்னால் ஒரு தீர்வையை வைத்து மின்சார பில்லைக் குறைக்க முடியாது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஊதுலை அணைந்த பிறகு போர்ட் டல்பட் வெளியில் இருந்து கப்பலில் வருகிற பாளங்களையும் சுருள்களையும் வைத்துத்தான் தன் உருட்டாலையை ஓட்டவேண்டியிருக்கிறது. புது மின்வில் உலை 2027 முடிவில் அல்லது 2028ல்தான் வரும் என்றார்கள். அதாவது உருக்குக் கொம்பனியே உருக்கு இறக்குமதி செய்கிற கொம்பனி. இதற்குள் 2025 ஒக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியம், தீர்வை இல்லாமல் வரக்கூடிய அளவைக் கிட்டத்தட்டப் பாதியாக வெட்டி, மிச்சத்துக்கு 50 சதவீதம் போட யோசனை வைத்தது. இந்த நாட்டு உருக்கு ஏற்றுமதியில் முக்கால்வாசிக்கு மேல் போவது அங்கேதான். அமெரிக்கா 2025 யூனில் எல்லோருக்கும் 50 ஆக்கி, இவர்களுக்குப் பெரிய மனதோடு 25 வைத்தது. பூச்சியம் ஆக்குவோம் என்று மே மாதம் கைகுலுக்கினது, செப்டம்பரில் கைவிடப்பட்டது. "நானும் போடுவன்" என்று ஒவ்வொருவனும் போட்டால் கடைசியில் விற்க இடமில்லாமல் நிற்பது சின்ன நாடு.

இந்த இடத்தில் எங்கட ஊர்ப் பெரியவர்கள் ஒரு துருப்பை எடுப்பார்கள். "தம்பி, சிறிமா காலத்தை மறந்திட்டியே? இறக்குமதியை நிப்பாட்டினதாலதான் யாழ்ப்பாணம் நிமிர்ந்தது."

மறக்கவில்லை. நான் பிறக்க முதல் நடந்தது என்றாலும் எங்கள் வீட்டின் சுவரே அந்தக் கதைதான். 1970க்கும் 1977க்கும் இடையில் மிளகாய், வெங்காயம் இறக்குமதியைக் கட்டுப்படுத்தினார்கள். விலை பாய்ந்தது. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரன் முதல் தரம் கையில் காசு கண்டான். அப்பா இறைக்கிற மெசின் வாங்கினார், பிறகு பக்கத்துத் தோட்டக்காரரோடு சேர்ந்து ஒரு லான்ட்மாஸ்ரர். ஓலை வீடு கல்வீடானது. விசுவமடு, முத்தையன்கட்டு என்று படித்த வாலிபர் திட்டங்களுக்குப் போன பெடியள் மிளகாய் போட்டு மோட்டார் சைக்கிளில் ஊருக்கு வந்தார்கள். 1977ல் ஜே. ஆர். வந்து இறக்குமதியைத் திறந்துவிட, அந்த விலை விழுந்தது. அப்பா சாகும் வரைக்கும் ஜே. ஆரை மன்னிக்கவில்லை. மற்றக் காரணங்களும் இருந்தன, ஆனால் அவர் முதலில் சொல்வது வெங்காயத்தைத்தான்.

ஆனால் பில்லை ஆர் கட்டினது என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. நான் கேட்டேன், பல்கலைக்கழகத்தில் படித்த அந்த இரண்டு வருசத்தில். மிளகாயைக் காசு கொடுத்து வாங்கினவன் கட்டினான். காணி இல்லாதவன் கட்டினான். 1973, 74ல் மலையகத் தோட்டங்களில் சனம் பட்டினியால் செத்தது. 1974ல் தோட்டங்களின் இறப்பு வீதம் எப்படி ஏறியது என்று புள்ளிவிபரத்திலேயே இருக்கிறது. மிளகாய்த் தடையால் அவர்கள் செத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. உலகச் சந்தையில் தானியம் விலை ஏறியது, எண்ணெய் விலை ஏறியது, நாட்டில் அந்நியச் செலாவணி இல்லை, கூப்பன் அரிசியும் மாவும் குறைக்கப்பட்டன. ஆனால் "வெளியில் வாங்காதே, உள்ளே விளைந்ததைத் தின்" என்ற அதே கொள்கை, விளைவிக்கக் காணி இருந்தவனுக்கு லான்ட்மாஸ்ரராக வந்தது, லயத்தில் இருந்தவனுக்குப் பசியாக வந்தது. அவர்களில் கொஞ்சப்பேர் தப்பி வன்னிக்கு வந்தார்கள். எங்கட ஆக்களின் மிளகாய்க் காணிகளில் நாட்கூலிக்குப் பழம் பிடுங்கினது அவர்கள்தான். இரண்டு பக்கமும் தமிழர்தான். ஒரு பக்கத்தின் கதை மட்டும் கலியாண வீட்டுப் பந்தி வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

இதை எழுதினால் அப்பாவுக்கே எதிராக எழுதுகிறான் என்று சொல்வார்கள். அப்பாவின் உழைப்பை நான் குறைக்கவில்லை. இரவு இரண்டு மணிக்கு எழும்பி இறைத்த கை அது. அவருக்குக் கிடைத்த விலையில் ஒரு பகுதி ஆருடைய சட்டைப்பையில் இருந்து வந்தது என்றுதான் கேட்கிறேன்.

அப்படியென்றால் சந்தைக்கு விட்டுவிடு, மலிவாக வருவதை வாங்கு, போர்ட் டல்பட் மூடட்டும் என்று நான் சொல்கிறேனா? அந்தக் கூட்டத்துக்கும் இரண்டு வார்த்தை இருக்கிறது.

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990ல் நின்றது. அது யுத்தத்தால், வேறு கதை. ஆனால் ஒரு பெரிய தொழிற்சாலை நின்றால் ஒரு ஊருக்கு என்ன நடக்கும் என்று எங்களுக்கு ஆரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. சம்பளம் போகும், பிறகு தேத்தண்ணிக் கடை, பிறகு சலூன், பிறகு பெடியள். இங்கிலாந்தின் வடகிழக்கில் ரெட்கார் ஆலை 2015ல் மூடியது. அந்த ஊதுலையைப் பிறகு இடித்தே விட்டார்கள். ஊதுலை வீட்டு அடுப்பு இல்லை. அணைத்து ஆறவிட்டால் உள்ளுக்குள் எல்லாம் இறுகிவிடும், பிறகு மூட்டுவது கிட்டத்தட்டப் புதிதாகக் கட்டுவது மாதிரி. அதனால்தான் 2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை என்றும் பாராமல் விடுமுறையில் இருந்த பாராளுமன்றத்தைக் கூட்டி, ஸ்கந்தோப் ஆலையை அணையவிடாமல் ஒரே நாளில் சட்டம் போட்டார்கள். பிரித்தானியத் தண்டவாளங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் செய்வது அந்த ஆலை. இரவு பன்னிரண்டுக்குக் கடை பூட்டி நான் வீட்டுக்குப் போகிற ரயில் ஓடுவது அநேகமாக அதன் மேல்தான். அதை முழுவதும் சீனாவிடம் விட்டுவிடலாம் என்று எவனாவது சொன்னால், 2022ல் ரஷ்யா காஸ் குழாயை இறுக்கியபோது வந்த மின்சார பில்லை அவனுக்கு ஒருக்கா காட்டவேண்டும்.

ஆகவே என் கதை இதுதான். காப்பாற்ற வேண்டியதைக் காப்பாற்று. ஆனால் திறைசேரியில் இருந்து, எல்லோரும் பார்க்க எடுத்துக் கொடு. ஸ்கந்தோப்பை வைத்திருந்த சீனக் கொம்பனி ஜிங்யே, நாளுக்கு 7 லட்சம் பவுண்ஸ் நட்டம் என்று சொன்னது. நான் கல்குலேற்றரில் தட்டிப் பார்த்தேன். வருசத்துக்கு 255 மில்லியன். ஆபத்தில் இருந்த வேலைகள் 2,700. ஒரு வேலைக்கு 94 ஆயிரம் பவுண்ஸ் சொச்சம். 2025 ஏப்ரலில் வந்த அடிப்படைச் சம்பளம் மணிக்கு 12.21, அந்தக் கணக்கில் கிழமைக்கு 40 மணித்தியாலம் வேலை செய்கிற கிட்டத்தட்ட நாலு குசினிக்காரரின் வருசச் சம்பளம். விலை கூடத்தான். ஆனால் அந்த எண் என் கண்ணுக்குத் தெரிகிறது. கூடவா குறைவா என்று சண்டை பிடிக்கலாம். எத்தனை வருசம் கொடுப்பாய், புது உலை எப்போது வரும், ஆட்களைப் பழக்குவாயா என்று நிபந்தனை போடலாம். போர்ட் டல்பட் உலைக்கு அரசாங்கம் கொடுப்பதாகச் சொன்ன 500 மில்லியனைப் பற்றி எத்தனை விவாதம் நடந்தது! பணக்காரன் கூடுதலாகக் கட்டுகிற வருமான வரியில் இருந்தும் அந்தக் காசு வருகிறது.

தீர்வையில் அப்படி ஒன்றுமே இல்லை. தக்காளி ரின்னில் இரண்டு பென்ஸ், கதவுப் பிணைச்சலில் ஐந்து பென்ஸ், அல்பேர்ட்டன் பட்டறையில் ஒரு ஆளுக்கு வேலை இல்லை. ஒருவரும் வாக்களிக்கவில்லை, ஒருவரும் கணக்குக் காட்டவில்லை. நாலு பிள்ளை வைத்திருக்கிற ஈஸ்ற்ஹாம் குடும்பமும் கென்சிங்டன் கனவானும் ஒரே ரின்னுக்கு ஒரே கூடுதல் விலை கட்டுகிறார்கள். அரசியல்வாதிக்கு இதுதான் பிடிக்கும். வரவு செலவுத் திட்டத்தில் ஒரு பவுண்ஸ் கூட எழுதாமல் தொழிலாளியின் தோளில் கை போட்டுப் படம் எடுக்கலாம்.

ட்றம்பைப் புகழ்கிற அண்ணைமாருக்கு இன்னும் ஒரு விசயம். உங்களில் பாதிப்பேர் இப்போது ஊரில் வீடு கட்டுகிறீர்கள். யுத்தத்தில் இடிந்ததைத் திருப்பிக் கட்டுகிறீர்கள், அல்லது தங்கச்சிக்கு. மூன்று மாதத்துக்கு ஒருக்கா மச்சானிடம் இருந்து தொலைபேசி வரும். "கம்பி விலை ஏறிட்டுது, ரைல்ஸும் ஏறிட்டுது, இன்னுமொரு ஐஞ்சு அனுப்புங்கோ." நீங்கள் மச்சான் களவு எடுக்கிறான் என்று மனிசியோடு சண்டை பிடிப்பீர்கள். இலங்கையில் கட்டடச் சாமான்களுக்குச் சுங்கத் தீர்வைக்கு மேலே செஸ் என்று ஒன்று, துறைமுக விமான நிலைய வரி என்று இன்னொன்று, பல வருசமாக அடுக்கடுக்காகப் போட்டு வந்திருக்கிறார்கள். உள்ளூரில் கம்பி செய்கிற விரல் விட்டு எண்ணக்கூடிய கொம்பனிகளுக்கு அது நல்ல வேலி. அந்த வேலிக்கு நீங்கள் லண்டனில் இரண்டு வேலை செய்து காசு அனுப்புகிறீர்கள்.

அடுத்த முறை மச்சானிடம் கம்பி வாங்கின ரசீதைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். நான் என்னுடைய மச்சானிடம் கேட்டு வாங்கிப் பார்த்தேன். கம்பி எத்தனை, விலை எவ்வளவு, லொறிக் கூலி எவ்வளவு என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான் எழுதியிருந்தது.